ஒரே எழுத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள்: கமாண்ட் லைன் ஆப்ஷன் மோதலைப் பிடிப்பது எப்படி?

டெர்மினலில் ஒரு கட்டளையைத் தட்டும்போது, அதன் பெயருக்குப் பின்னால் ஒரு கோடோ இரண்டு கோடோ போட்டு நாம் சேர்ப்பதுதான் ஆப்ஷன். கோப்புகளைப் பட்டியல் போடும் ‘எல்எஸ்’ கட்டளைக்கு ‘-எல்’ என்று சேர்த்தால் அளவு, தேதி, யாருடைய கோப்பு என்பதெல்லாம் கூடவே வரும். ஒற்றைக் கோடும் ஓர் எழுத்தும் என்றால் அது குட்டி ஆப்ஷன். இரட்டைக் கோடும் முழுச் சொல்லும் என்றால் நீள ஆப்ஷன். பெரும்பாலும் இரண்டும் ஒரே வேலைக்கு ஜோடியாக வரும், ‘-ஹெச்’, ‘--ஹெல்ப்’ மாதிரி. (கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

நம் ஊர் இனிஷியலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வகுப்பில் எஸ். கார்த்திக் இரண்டு பேர் இருந்தால், வருகைப் பதிவு எடுக்கும்போது இரண்டு குரல் கேட்கும். அந்த ‘எஸ்’ செல்வராஜா சுப்பிரமணியனா என்று விரித்துச் சொன்னால் குழப்பம் தீர்ந்தது. குட்டி ஆப்ஷனும் இப்படித்தான். சின்ன எழுத்து 26, பெரிய எழுத்து 26, எண்கள் 10, ஆக மொத்தம் 62 இடம். தாராளமாகத்தான் தெரியும். ஆனால் ஆப்ஷனுக்குப் பெயர் வைக்கிற எல்லாருக்கும் அதே ஏழெட்டு எழுத்துகள்தான் வேண்டியிருக்கின்றன.

சத்தம் போடும் மோதல்

ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போவோம். சென்னை லோக்கல் ரயில் நேரம் சொல்லும் ஒரு சின்னப் பைத்தான் புரோகிராம். பெயர் ‘ரயில்’. எங்கிருந்து என்பதற்கு ‘--ஃப்ரம்’, எங்கே என்பதற்கு ‘--டூ’, எத்தனை மணிக்கு மேல் என்பதற்கு ‘--டைம்’. பீச்சிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கம் போகும் வண்டிகளில் சில எல்லா நிலையத்திலும் நிற்காது. அவை மட்டும் வேண்டும் என்றால் ‘--ஃபாஸ்ட்’. வழியில் எங்கெங்கே நிற்கும் என்று பார்க்க ‘--ஹால்ட்’. எழுதுகிறவர் ஆசையாக ஒவ்வொன்றுக்கும் முதல் எழுத்தையே குட்டிப் பெயராகக் கொடுத்துவிடுகிறார். விளைவைப் பாருங்கள்: எஃப் இரண்டு, டி இரண்டு.

பைத்தானில் ஆப்ஷன்களைப் படித்துத் தருவதற்கு ‘ஆர்க்பார்ஸ்’ என்ற லைப்ரரி உண்டு. 2.7, 3.2 பதிப்புகளிலிருந்து பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. புரோகிராமை ஓட்டியதும் அது நீளமாக ஒரு பட்டியலைக் கொட்டிவிட்டு, கடைசி வரியில் ‘ஆர்க்யுமென்ட் -டி/--டைம்: கான்ஃப்ளிக்டிங் ஆப்ஷன் ஸ்ட்ரிங்: -டி’ என்று சொல்லி நின்றுவிடும். புதிதாகப் படிப்பவர்கள் இங்கே தடுமாறுவது எதனால் என்றால், அந்த வரி ‘--டைம்’ பெயரைத்தான் சொல்கிறது. அதனால் ‘--டைம்’ எழுதிய இடத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒரு தப்பும் இருக்காது. அந்த எழுத்தை முன்னாடியே எடுத்துக்கொண்ட ‘--டூ’ நாலு வரி மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். எரர் சொல்வது இரண்டாவதாக வந்தவரைத்தான். முதலில் வந்தவரை நாம்தான் தேட வேண்டும்.

சரி, ‘--டைம்’ உடைய குட்டிப் பெயரை எடுத்துவிட்டீர்கள். மறுபடி ஓட்டினால் இப்போது ‘--ஃபாஸ்ட்’ மேல் அதே புகார். முதல் மோதலிலேயே அது நின்றுவிடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் ஒன்றைத்தான் காட்டும். சரிசெய்தது வேலை செய்யவில்லையோ என்று நினைத்து, மாற்றியதைத் திரும்பப் பழையபடி வைத்துவிடாதீர்கள். கடைசி வரியில் எந்த எழுத்து இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாவதாக வருவதுதான் உண்மையிலேயே விநோதம். ‘-ஹெச்’ மோதுகிறது என்கிறது. நீங்கள் ‘-ஹெச்’ என்று ஒரே ஒரு இடத்தில், ‘--ஹால்ட்’டுக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு சொந்தக்காரர் யார்? லைப்ரரியே. நீங்கள் கேட்காமலே ‘-ஹெச்’, ‘--ஹெல்ப்’ இரண்டையும் ஆர்க்பார்ஸ் முதல் ஆளாகப் போட்டு வைத்துவிடுகிறது. உங்கள் கோப்பு முழுக்கத் தேடினாலும் அது கிடைக்காது.

இதற்கு மூன்று வழி உண்டு. ‘--ஹால்ட்’டுக்குக் குட்டிப் பெயரே வேண்டாம் என்று விட்டுவிடலாம். ‘ஆட்_ஹெல்ப்’ என்பதை ஃபால்ஸ் என்று வைத்து, லைப்ரரி தானாகச் சேர்ப்பதை நிறுத்தி, ‘--ஹெல்ப்’பை நீங்களே நீளப் பெயரில் மட்டும் சேர்க்கலாம். மூன்றாவது, ‘கான்ஃப்ளிக்ட்_ஹேண்ட்லர்’ என்ற இடத்தில் ‘ரிசால்வ்’ என்று கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் கடைசியாக வந்தவருக்கே எழுத்து என்று லைப்ரரி தீர்ப்பு சொல்லிவிடும். ‘-ஹெச்’ ஹால்ட்டுக்குப் போகும், ஹெல்ப்புக்கு ‘--ஹெல்ப்’ மட்டும் மிஞ்சும். இணையத்தில் தேடினால் இந்த மூன்றாவது வழிதான் முதலில் கண்ணில் படும், ஒரே வரி என்பதால். எனக்கு இது பிடிப்பதில்லை. அந்த ஒரு மோதலோடு இனி வரப்போகும் எல்லா மோதல்களையும் அது சேர்த்து வாயடைத்துவிடுகிறது. நாளைக்கு யாரோ ‘-டி’யை இன்னொன்றுக்குக் கொடுத்தால், பழையது சத்தமே இல்லாமல் செத்துப்போகும்.

என் பழக்கம் இது: தினமும் கை தட்டுகிற ஒன்றிரண்டு ஆப்ஷனுக்கு மட்டும் குட்டிப் பெயர். மற்றதெல்லாம் நீளப் பெயரோடு இருக்கட்டும். அப்புறம், ‘-ஹெச்’சை உதவிக்கே விட்டுவிடுவேன். பழைய பெரிய கட்டளைகள் இதை மதிக்கவில்லையே என்று கேட்கலாம். ஆமாம், வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் ‘டிஎஃப்’ கட்டளைக்கு ‘-ஹெச்’ என்றால் அளவை ஜிபி, எம்பி என்று படிக்கிற மாதிரி காட்டு என்று அர்த்தம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ‘பிஎஸ்க்யூஎல்’லுக்கு அது ஹோஸ்ட், அதாவது எந்தக் கணினி என்பது. உதவி வேண்டுமென்றால் அங்கே கோடும் கேள்விக்குறியும். அவற்றுக்குப் பல வருடப் பழக்கம் துணைக்கு இருக்கிறது. நேற்று பிறந்த நம் புரோகிராமுக்கு அது கிடையாது.

பெரிய எழுத்து என்ற குறுக்கு வழி

சின்ன ‘-டி’ போய்விட்டதா, பெரிய ‘-டி’ போடு என்று தோன்றும். எல்லாரும் செய்வதுதான், ஆனால் இதற்கு விலை உண்டு. இன்னொரு கணினிக்குள் நுழையும் ‘எஸ்எஸ்ஹெச்’ கட்டளைக்கு போர்ட் எண்ணைச் சின்ன ‘-பி’யில் தர வேண்டும். அதே குடும்பத்தில் கோப்பு அனுப்பும் ‘எஸ்சிபி’க்குப் பெரிய ‘-பி’. கோப்பின் நேரமும் அனுமதியும் மாறாமல் அப்படியே போகட்டும் என்பதற்குச் சின்ன ‘-பி’யை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, அதன் கையேட்டிலேயே இந்தக் காரணத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். பழக்க தோஷத்தில் ‘எஸ்சிபி’யில் சின்ன ‘-பி 2222’ என்று அடித்தால், 2222 என்ற பெயரில் ஒரு கோப்பைத் தேடி, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லும். போர்ட் என்ற பேச்சே வராது. அதனால்தான் இதில் மாட்டியவர்களுக்குக் காரணம் சட்டென்று பிடிபடுவதில்லை.

இதைவிட மோசம், கோப்புகளின் அனுமதியை மாற்றும் ‘சிஹெச்மாட்’. பெரிய ‘-ஆர்’ என்றால் ஃபோல்டருக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் அனுமதியை மாற்று. சின்ன ‘-ஆர்’ ஆப்ஷனே இல்லை. படிக்கும் அனுமதியை எடுத்துவிடு என்ற உத்தரவு. லினக்ஸில் ‘சிஹெச்மாட் -ஆர் 755 ஃபோல்டர்’ என்று சின்ன எழுத்தில் அடித்துவிட்டால், 755 என்ற அனுமதி எண்ணைக் கோப்புப் பெயராக எடுத்து ‘அது இல்லை’ என்று புலம்பும். அதே மூச்சில் உங்கள் ஃபோல்டரின் படிக்கும் அனுமதியையும் பிடுங்கிவிடும். திரையில் தெரிவது 755 பற்றிய புகார் மட்டும்தான்.

பேசாத மோதல்கள்

இதுவரை பார்த்தது நல்ல வகை. புரோகிராம் தொடங்கவே தொடங்காது, காரணத்தையும் சொல்லிவிடும். நேரத்தைத் தின்பவை வேறு. எல்லாம் சரியாக ஓடுவது போலவே இருக்கும். விடை மட்டும் தப்பாக வரும்.

ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் வெளியே ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர். வெளியே நாம் தட்டுவது ‘--டைம்’. உள்ளே அதன் மதிப்பு போய் உட்காரும் இடத்துக்கு ‘டெஸ்ட்’ என்று ஆர்க்பார்ஸில் பெயர். இங்கே பரீட்சைக்கு வேலையில்லை, ‘டெஸ்டினேஷன்’ என்பதன் சுருக்கம் அது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் நீளப் பெயரிலிருந்தே அது எடுத்துக்கொள்ளும். நடுவில் கோடு இருந்தால் அடிக்கோடாக மாற்றிக்கொள்ளும்.

ரயில் புரோகிராமில் இங்கேதான் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ‘ஃப்ரம்’ என்பது பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொல். ஆப்ஷனாக ‘--ஃப்ரம்’ என்று வைக்கலாம், லைப்ரரி மறுப்பு சொல்லாது. ஆனால் மதிப்பை எடுக்க ‘ஆர்க்ஸ்.ஃப்ரம்’ என்று எழுதினால் சின்டாக்ஸ் எரர். அதற்காக எல்லாரும் செய்வது, ‘டெஸ்ட்’ இடத்தில் ‘ஸ்டேஷன்’ மாதிரி வேறொரு பெயரைக் கொடுப்பது. அது சரியான வழிதான். அப்புறம் அந்த வரியை அப்படியே காப்பி அடித்து ‘--டூ’வுக்கும் ஒட்டுகிறார்கள். ஆப்ஷன் பெயரை மாற்றுகிறார்கள், ‘டெஸ்ட்’டை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

இப்போது ‘ரயில் --ஃப்ரம் தாம்பரம் --டூ பீச்’ என்று தட்டினால் இரண்டு மதிப்பும் ஒரே இடத்துக்குப் போகும். கடைசியில் வந்த பீச் அங்கே நிற்கும், தாம்பரம் போன இடம் தெரியாது. வரிசையை மாற்றித் தட்டினால் விடையும் மாறும். எரர் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. இரண்டு ஆப்ஷன் ஒரே இடத்தில் எழுதுவதை ஆர்க்பார்ஸ் தப்பாகவே கருதுவதில்லை. கருதவும் முடியாது, ஏனென்றால் வேண்டுமென்றே அப்படி வைப்பதும் உண்டு: ‘--ஃபாஸ்ட்’ என்றால் உண்மை, ‘--ஸ்லோ’ என்றால் பொய், இரண்டும் எழுதுவது ஒரே இடத்தில்.

இந்த மாதிரி சந்தேகம் வந்தால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஆப்ஷன்களைப் படித்து முடித்த அடுத்த வரியில் ‘பிரிண்ட்’ போட்டு, கிடைத்ததை அப்படியே அச்சிடுங்கள். ‘நேம்ஸ்பேஸ்’ என்று தொடங்கி, உள்ளே இருக்கும் எல்லாப் பெயரும் மதிப்பும் ஒரே வரியில் வந்து விழும். நீங்கள் ஐந்து ஆப்ஷன் எழுதியிருக்க, அங்கே நாலு பெயர்தான் இருக்கிறதா? இரண்டு பேர் ஒரே இடத்தில் குடியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தாலே போதும்.

அடுத்தது சப்-கமாண்ட். புரோகிராம் வளர்ந்ததும் ‘ரயில் லிஸ்ட்’, ‘ரயில் நெக்ஸ்ட்’ என்று வேலைகளைப் பிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை லோக்கல் அட்டவணை வேறு என்பதால் ‘--சண்டே’ என்று ஓர் ஆப்ஷன், பொதுவாக எல்லாவற்றுக்கும். ‘லிஸ்ட்’டுக்குப் பின்னால் தட்டினாலும் வேலை செய்யட்டுமே என்று அங்கேயும் அதே பெயரில் ஒன்று. நினைப்பு நல்லதுதான். ஆனால் ஒருவர் ‘ரயில் --சண்டே லிஸ்ட்’ என்று தட்டும்போது, மேலே இருப்பது ‘உண்மை’ என்று எழுதிவிட்டுப் போகும். பின்னால் வரும் ‘லிஸ்ட்’ தன்னுடைய ‘--சண்டே’ கொடுக்கப்படவில்லை என்று பார்த்து, இயல்பு மதிப்பான ‘பொய்’யை அதே இடத்தில் எழுதிவிடும். ஞாயிறு கேட்டவருக்கு வாரநாள் அட்டவணை கிடைக்கும். அதை நம்பிக் கிளம்பினால், வராத வண்டிக்காகத் தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

இதற்கு மருந்து, உள்ளே இருக்கும் ‘--சண்டே’யின் இயல்பு மதிப்பை ‘ஆர்க்பார்ஸ்.சப்ரெஸ்’ என்று வைப்பது. யாரும் தட்டாவிட்டால் அந்த இடத்தில் எதையும் எழுதாதே என்று அர்த்தம். மேலே எழுதியது அழியாமல் இருக்கும்.

மூன்றாவது வகை சுருக்கம். நீள ஆப்ஷனை முழுக்கத் தட்ட வேண்டியதில்லை. வேறு எதோடும் குழம்பாத அளவுக்குத் தட்டினால் போதும் என்று ஆர்க்பார்ஸும், சி மொழியில் எழுதும் கட்டளைகள் பயன்படுத்தும் க்னூவின் ‘கெட்ஆப்ட்_லாங்’கும் விட்டுக்கொடுக்கின்றன. ‘--ஃபாஸ்ட்’டுக்கு ‘--ஃபா’ போதும். அதையும் சுருக்கி ஒரே எழுத்தாக ‘--எஃப்’ என்று தட்டினால், ‘--ஃப்ரம்’மா ‘--ஃபாஸ்ட்’டா, தெரியவில்லையே என்று கேட்டுவிட்டு வெளியேறும். இதுவரை ஒழுங்கு. ஆறு மாதம் கழித்து நீங்கள் கட்டணம் காட்ட ‘--ஃபேர்’ சேர்க்கிறீர்கள். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், இரண்டுக்கும் முதல் இரண்டு எழுத்து ஒன்றே. யாரோ தன் ஸ்கிரிப்ட்டில் ‘--ஃபா’ என்று சுருக்கி வைத்திருந்தது அன்று காலையில் நின்றுபோகும். நீங்கள் பழைய எதையும் தொடவே இல்லை, புதிதாக ஒன்றைச் சேர்த்தீர்கள், அவ்வளவுதான். இது வேண்டாமென்றால் ‘அலவ்_அப்ரிவ்’ என்பதை ஃபால்ஸ் என்று வைக்கலாம், பைத்தான் 3.5 முதல் இருக்கிறது. 3.8-க்கு முந்தைய பதிப்புகளில் அது இரண்டு குட்டி ஆப்ஷனைச் சேர்த்துத் தட்டுவதையும் கூடவே தடுத்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பிறர் பயன்படுத்தப்போகும் புரோகிராம் என்றால் முதல் நாளே இதை அணைத்துவிடுவது நல்லது. பின்னால் அணைத்தால் அதற்கும் சண்டை வரும்.

தேடும்போது தேடுகிற கட்டளையே மாட்டினால்

எழுத்துக்கு முதல் சொந்தக்காரர் யார் என்று கண்டுபிடிக்க, கோப்புக்குள் சொல்லைத் தேடித் தரும் ‘க்ரெப்’ கட்டளையை வைத்துத் தேடுவோம். ‘க்ரெப் -ஹெச் ரயில்.பிஒய்’ என்று தட்டிப் பாருங்கள். ஒன்றுமே வராது, கர்சர் மட்டும் மின்னிக்கொண்டே இருக்கும். ‘-ஹெச்’ என்பதை க்ரெப் தன்னுடைய ஆப்ஷன் என்று எடுத்துக்கொண்டது. கோப்புப் பெயரைக் காட்டாதே என்று அதன் அகராதியில் அர்த்தம். அடுத்து இருந்த ‘ரயில்.பிஒய்’ தேட வேண்டிய சொல்லாகிவிட்டது. கோப்பு எதுவும் மிச்சமில்லை, அதனால் நீங்கள் ஏதாவது தட்டுவீர்கள் என்று காத்திருக்கிறது. கன்ட்ரோல்-சி அடித்து வெளியே வாருங்கள். மேற்கோள் குறிக்குள் போட்டாலும் இதே கதிதான், ஏனென்றால் நாம் தட்டுவதை முதலில் படிக்கும் ஷெல், மேற்கோளை உரித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பும்.

‘க்ரெப் -என் -- -ஹெச் ரயில்.பிஒய்’ என்று நடுவில் வெறும் இரட்டைக் கோடு போடுங்கள். ஆப்ஷன்கள் இத்தோடு முடிந்தன, இனி கோடு போட்டு எது வந்தாலும் சாதாரணச் சொல் என்று அதற்கு அர்த்தம். இது க்ரெப்புக்கு மட்டுமான தந்திரம் இல்லை. யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொதுத் தரமான போசிக்ஸ் விதிகளிலேயே உள்ளது, பெரும்பாலான கட்டளைகள் மதிக்கும். கோட்டில் தொடங்கும் பெயருள்ள கோப்பை ‘ஆர்எம்’ வைத்து அழிக்க முடியாமல் திண்டாடுபவர்களுக்கும் இதுவே வழி.

அந்த முதல் சொந்தக்காரர் உங்கள் கோப்பில் இல்லை என்றால் வெளியிலிருந்து வந்திருக்கும். பைத்தான் புரோகிராம்களைச் சோதிக்கும் ‘பைடெஸ்ட்’ மாதிரி கருவிகளில், கூடுதலாகச் சேர்க்கும் பிளக்-இன்கள் தங்கள் ஆப்ஷன்களைச் சேர்க்கின்றன. இரண்டு பிளக்-இன் ஒரே பெயரைக் கேட்டாலோ, ஒரே பிளக்-இன் இரண்டு தடவை ஏற்றப்பட்டாலோ, ‘ஆப்ஷன் நேம்ஸ் ... ஆல்ரெடி ஆடட்’ என்று வரும். சின்ன எழுத்துக் குட்டி ஆப்ஷன்களைப் பைடெஸ்ட் தனக்கென்றே ஒதுக்கிக்கொண்டு பிறருக்குத் தர மறுக்கிறது. கறாரான விதி, ஆனால் நிறையச் சண்டையைத் தவிர்த்திருக்கும். கோ மொழியில் ‘ஃப்ளாக் ரீடிஃபைன்ட்’ என்று வந்தாலும், கம்பைலர் கட்டப் பயன்படும் எல்எல்விஎம் சேர்ந்த புரோகிராமில் ‘ரிஜிஸ்டர்ட் மோர் தேன் ஒன்ஸ்’ என்று வந்தாலும் அடிப்படைக் கதை ஒன்றுதான். எல்எல்விஎம்மில் பெரும்பாலும் இரண்டு பேர் ஒரே பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரே லைப்ரரி இரண்டு பிரதியாக உள்ளே வந்திருக்கும். அங்கே பெயரை மாற்றித் தீராது, ஒரு பிரதியை வெளியே எடுக்க வேண்டும். மற்ற இடங்களில், பிறர் புரோகிராமுக்குள் உங்கள் ஆப்ஷனை நுழைப்பதாக இருந்தால், பெயருக்கு முன்னால் பிளக்-இன் பெயரையும் சேர்த்துவிடுங்கள். பைடெஸ்ட்டுக்கான ‘பைடெஸ்ட்-கவ்’ பிளக்-இன்னின் ‘--கவ்-ரிப்போர்ட்’ அப்படி வந்ததுதான்.

கடைசியாக, ஏற்கெனவே நாலு பேர் பயன்படுத்தும் ஆப்ஷனின் பெயரை மாற்ற வேண்டி வந்தால் பழையதை ஒரேயடியாகத் தூக்காதீர்கள். ஒரே ஆப்ஷனுக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதால், புதுப் பெயரையும் பழைய பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே இரண்டும் வேலை செய்யும். பழையதைத் தட்டுபவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை போக வேண்டுமென்றால், அதைத் தனி ஆப்ஷனாகப் பிரித்து, ‘டெஸ்ட்’ ஒன்றாகவே இருக்கும்படி வைத்து, ‘டெப்ரிகேட்டட்’ என்பதை ட்ரூ என்று கொடுங்கள். இந்த வசதி பைத்தான் 3.13-இல் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள் அந்த எச்சரிக்கையைத் தாங்களே அச்சிட வேண்டியதுதான்.